செயல்முறைத் தேர்வுக்கு அறுபத்திரண்டு அங்கிகள்

திருச்சபைத் தந்தையர் உயராய்வு நிலையத்தில் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தவரை எல்லோரும் நீலம் என்றே கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு அவருடைய விரல் நுனிகள் பத்தும் நிரந்தரமாக நீலமாகியிருந்தன. அவரிடம் நிரந்தரமாக இருந்தது அது ஒன்றுதான். வேலை பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

கிறித்தவ சமயத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் வாழ்ந்த பெரிய இறையியலாளர்களைத் திருச்சபையின் தந்தையர் என்பார்கள். அவர்களைப் பற்றி ஆராய்வதற்காகத்தான் அந்த நிலையம் ஏற்பட்டது. நாற்பது வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தது. போன வருடம் வந்த மதிப்பீட்டுக் குழு நூலகத்தைப் பாராட்டியது, தோட்டத்தைப் பாராட்டியது, மதியச் சாப்பாட்டை இருமுறை பாராட்டியது. வண்டியில் ஏறும்போது குழுத் தலைவி மட்டும் வாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"'தந்தையரும் அவர்தம் நீடித்த தாக்கமும்'னு எழுதியிருக்கீங்க. தந்தையரை உள்ளே பார்த்தோம். தாக்கம் எங்க இருக்கு? அடுத்த வருஷம் வரும்போது அதையும் காட்டிடுங்க."

அந்தக் கேள்வியால் இயக்குநருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் சுற்றறிக்கை வந்தது. தாக்கம் நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்; ஆகவே வாகன ஓட்டி, தோட்டக்காரர், சலவைக்காரர் உட்பட எல்லாப் பணியாளரும் தந்தையர் பற்றிய ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பில் தேற வேண்டும்; தேறியவர்கள் நிரந்தரமாக்கப்படுவார்கள்; தேறாதவர்களுக்கு நிலையம் தன் நன்றியைத் தெரிவித்துக்கொள்ளும்.

"நன்றின்னா என்னங்க அர்த்தம்?" என்று மனைவி கேட்டாள். அவள் எதிர்த்தெருவில் இருந்த பொது மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர்.

"போயிட்டு வாங்கன்னு அர்த்தம். வாங்க மட்டும் இருக்காது."

மறுநாளே நீலம் படிவத்தை நிரப்பிப் பதிவாளரிடம் நீட்டினார். படிவத்தில் மூன்றே மூன்று கேள்விகள். தந்தை பெயர். தந்தையின் பணி. தந்தை உங்கள்மீது ஏற்படுத்திய நீடித்த தாக்கம். நீலம் தன் அப்பாவின் பெயரை எழுதி, பணி என்ற இடத்தில் 'சலவை' என்றும் தாக்கம் என்ற இடத்தில் 'இடுப்புவலி' என்றும் எழுதியிருந்தார்.

பதிவாளர் இரண்டு முறை படித்தார். கேள்விப்படாத பெயர். ஆனால் கேள்விப்படவில்லை என்று ஒத்துக்கொள்கிற வழக்கம் அந்த நிலையத்தில் இல்லை.

"இவர் எந்த நூற்றாண்டு?"

"போன நூற்றாண்டுதாங்க. காலமாகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

பதிவாளர் 'நூற்றாண்டு' என்பதை மட்டும் காதில் வாங்கினார். "கிழக்கா, மேற்கா?" தந்தையரில் கிரேக்கத்தில் எழுதியவர்கள் கிழக்கு, லத்தீனில் எழுதியவர்கள் மேற்கு.

"எங்க வீடு வடக்குப் பார்த்ததுங்க."

"வடக்கு. அப்ப வட ஆப்பிரிக்கா. லத்தீன்லதான் எழுதியிருப்பார்."

"எங்கப்பாவுக்குக் கையெழுத்தே போட வராதுங்கய்யா."

"சொல்லச் சொல்ல எழுத ஆள் வச்சிருந்திருப்பார். பெரியவங்க பல பேர் அப்படித்தான்" என்று சொல்லிப் பதிவாளர் முத்திரை குத்தினார். நீலத்தின் அப்பா அன்று முதல் வட ஆப்பிரிக்காவின் அதிகம் அறியப்படாத தந்தையரில் ஒருவரானார். அவரைப் பற்றி இரண்டு பேர் ஆய்வு செய்ய முன்வந்திருப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

படிப்பின் தொடக்க விழாவில் இயக்குநர் மௌனத்தைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்.

"பாலைவனத்தில் வாழ்ந்த துறவி ஒருவர், பேசாதிருக்கப் பழகுவதற்காக மூன்று ஆண்டுகள் வாயில் கூழாங்கல்லை வைத்திருந்தாராம். அன்பர்களே, அந்த அடக்கம் இன்று யாரிடம் இருக்கிறது? அடக்கத்தைப் பற்றி என்னளவுக்குப் பேசியவர்கள் யாருமில்லை என்பதை மிகுந்த அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். எளிமையைப் பற்றி நான் பேசிய பேச்சுகள் ஏழு தொகுதிகளாகத் தோல் அட்டையில் வந்திருக்கின்றன."

பின்வரிசையில் தோட்டக்காரர் தரையில் ஏதோ தேடினார். என்ன என்று நீலம் கேட்டதற்கு, "நல்ல கல்லா ஒன்னு கிடைக்குதான்னு பார்க்கிறேன்" என்றார்.

முதல் ஐந்து வாரம் வகுப்பில் தந்தையர் யாரும் வரவில்லை. முதல் வாரம் முன்னுரை. இரண்டாம் வாரம் முன்னுரைக்கு முன்னுரை. மூன்றாம் வாரம் அடிக்குறிப்பு போடும் முறை. நாலாவது, ஐந்தாவது வாரங்களை ஒற்று எடுத்துக்கொண்டது.

இந்த ஒற்று விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'திருச்சபைத் தந்தையர்' என்று நடுவில் 'த்' போட்டு எழுத வேண்டும் என்பது பதிவாளர் கட்சி. போடக் கூடாது என்பது இயக்குநர் கட்சி. ஒற்றுப் போட்டால் தந்தையர் திருச்சபையோடு ஒட்டிக்கொள்கிறார்கள், அவர்களுடைய தனிப்பெருமை போய்விடுகிறது என்பது இயக்குநரின் வாதம். ஒற்றை எடுத்தால் தந்தையர் அநாதையாகிவிடுகிறார்கள் என்றார் பதிவாளர். பதிவாளர் விடுப்பில் போனால் வாசல் பலகையில் 'த்' மேல் சுண்ணாம்பு ஏறும். இயக்குநர் வெளியூர் போனால் சுண்ணாம்பு சுரண்டப்படும். சான்றிதழில் எப்படி அச்சடிப்பது என்று முடிவாகாததால் மூன்று வருடமாகப் பட்டமளிப்பு விழாவே நடக்கவில்லை. நான் இந்தக் கதையில் ஒற்றுப் போட்டுத்தான் எழுதுகிறேன். அது கட்சிப் பற்று இல்லை, பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி.

ஆறாம் வாரம் பேராசிரியை ஒருவர் வகுப்புக்கு வந்தார். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அதனால் அவரை யாரும் எந்தக் கட்சியிலும் சேர்க்கவில்லை. தடித்த கண்ணாடி, கையில் பழைய நோட்டு ஒன்று. முன்னுரை இல்லாமல் ஆரம்பித்தார்.

"ஒரு ஆயர், அதாவது பிஷப், இருந்தார். சின்ன வயசுல கூட்டாளிங்களோட சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துல பேரிக்காய் திருடினார். பசிக்காக இல்ல. பறிச்சதைப் பன்றிங்களுக்குப் போட்டுட்டாங்க. பெரியவரானதும், இதை ஏன் செஞ்சேன்னு பக்கம் பக்கமா உட்கார்ந்து யோசிச்சார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. மனுஷன் தன் மனசைத் தானே தோண்டிப் பார்க்கறதுக்கு அவர்கிட்டதான் இன்னும் பாடம் கேட்கிறோம்."

நீலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர்களெல்லாம் ரத்தமும் சதையுமான ஆள்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பேராசிரியை இன்னொன்றும் சொன்னார். மகனான இயேசு தந்தையான கடவுளோடு ஒரே பொருளா, ஒத்த பொருளா என்று அந்தக் காலத்தில் பெரும் சண்டை நடந்ததாம். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்தச் சண்டையில் விட்டுக்கொடுக்காத ஓர் ஆயரை ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

"அவ்வளவு பெரிய சண்டையா அம்மா, ஒரு எழுத்துக்கு?"

"அவங்களுக்கு அது எழுத்துச் சண்டை இல்ல, நீலம். கடவுள் யாருங்கற சண்டை. உயிரைக் கொடுக்கத் தயாரா இருந்தாங்க."

"நம்ம ஆளுங்க ஒற்றுக்கு?"

"தனித்தனி கழிப்பறை கேட்டிருக்காங்க."

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது அவர் நோட்டைப் புரட்டினார். நாலாம் நூற்றாண்டில் மலைநாட்டு நகரம் ஒன்றில் இருந்த ஓர் ஆயரின் பிரசங்கம். பஞ்ச காலத்தில் பணக்காரர்களைப் பார்த்துப் பேசியவர். அவர் சொன்னதன் சாரத்தைப் பேராசிரியை தன் வார்த்தையிலேயே சொன்னார்: உன் அலமாரியில் சும்மா தொங்குகிற உடுப்பு உன்னுடையது இல்லை, உடுத்த ஒன்றும் இல்லாதவனுடையது. அதை நீ வைத்திருப்பது, அடுத்தவன் பொருளை வைத்திருப்பது.

"இதைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடல அவர். ஊருக்கு வெளியே ஏழைங்களுக்கும் நோயாளிங்களுக்கும் பெரிய இல்லம் ஒன்னு கட்டினார். இன்னிக்கு நாம ஆஸ்பத்திரின்னு சொல்றதுக்கு அது ஒரு முன்னோடி."

நீலம் கை தூக்கினார். "அந்தப் பேச்சைக் கேட்டவங்க யாராவது சட்டை கொடுத்தாங்களா அம்மா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தோரு வருடமாக அந்தப் பிரசங்கத்தை நடத்துகிறார். யாரும் இதைக் கேட்டதில்லை. எந்தக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"தெரியலையே, நீலம்" என்றார். "கொடுத்திருக்கணும்."

அன்று வீட்டில் இதை மனைவியிடம் சொன்னார். அவள் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆயர் எங்க வராந்தாவை வந்து பார்க்கணும். நோயாளிக்குத்தான் கட்டில், போர்வை எல்லாம். கூட வந்தவங்க வெறும் தரையில கிடக்குறாங்க. இந்த மலையூர்ல வருஷம் பூரா குளிர். பெருக்கறப்போ என் துடைப்பத்துக்கே பல்லு கிட்டுது."

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"எழுபது, எண்பது. ஏன், நீங்க போர்த்தப் போறீங்களா?"

நீலத்திடம் இரண்டு கம்பளிச் சட்டைகள் இருந்தன. மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தன் சால்வையில் ஒன்றையும் எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் முடிந்தது. எழுத்துத் தேர்வுக்கு எழுபது மதிப்பெண். அதில் நீலம் எப்படியோ கரையேறிவிட்டார். மிச்சம் முப்பது செயல்முறைத் தேர்வுக்கு. 'தந்தையர் ஒருவரின் கருத்து உங்கள் பணியில் ஏற்படுத்திய தாக்கத்தைச் செய்து காட்டி ஒரு பக்க அறிக்கை அளிக்கவும்.' செய்து காட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்க அறிக்கை நகல் எடுக்கும் கடையில் தயாராகவே கிடைத்தது. வாகன ஓட்டியும் தோட்டக்காரரும் ஒரே அறிக்கையை வாங்கிக் கொடுத்தார்கள். அதன்படி தோட்டக்காரரும் ஒன்பது வருடமாக நிதானமாக வண்டி ஓட்டி வந்தார்.

நீலம் கடைக்குப் போகவில்லை. சலவை அறையில் இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் பட்டமளிப்பு விழா அங்கிகள் அறுபத்திரண்டு. கனத்த கம்பளித் துணி, கத்தரிப்பூ நிறம், கழுத்தில் பொன்னிறக் கரை. விழா நடக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை வெளுத்துத் தேய்த்து வைக்க வேண்டும் என்று விதி. மூன்று வருடமாக யாரும் போடாத அழுக்கை நீலம் துவைத்துக்கொண்டிருந்தார். அன்று அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றார். பின்பு நாலு மூட்டையாகக் கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவைக் கடந்தார்.

வாங்குகிறவர்கள் முதலில் பயந்தார்கள். "இதைப் போட்டா ஜபம் ஏதாவது சொல்லணுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஒன்னும் வேணாம்யா, பொத்தானைப் போட்டாப் போதும்" என்றாள் நீலத்தின் மனைவி. மதியத்துக்குள் வராந்தா முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. நேற்றுவரை "உள்ளே போகாதே" என்று தடியை நீட்டிய காவலாளி, அங்கியைக் கண்டதும் எழுந்து நின்று கதவைத் திறந்தார். "அப்புறம் வா" என்று சொல்லிப் பழகிய மருத்துவர், பொன்னிறக் கரையைப் பார்த்து நின்று, "உங்க சம்சாரத்துக்கு ரத்தத்துல சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கு, பயப்பட வேண்டியதில்ல, உட்காருங்க" என்றார். அங்கிக்குள் இருந்தவர் மூட்டை தூக்கிப் பிழைக்கிற மனிதர். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மருத்துவமனையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பழக்கமில்லாததால் நின்றுகொண்டே இருந்தார்.

நீலத்தின் அறிக்கை இரண்டு வரி. 'அறுபத்திரண்டு கொடுத்தாச்சு. எதிர் ஆஸ்பத்திரியில் பார்க்கலாம்.' பேராசிரியை தெருவைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து முப்பதுக்கு முப்பது போட்டார். அடிக்குறிப்பு இல்லை என்று பதிவாளர் அதைப் பூஜ்யமாக்கினார். பிறகுதான் அறுபத்திரண்டு எது என்று அவருக்கு உறைத்தது.

விசாரணை மறுநாள் காலை. இயக்குநர் நடுவில், பதிவாளர் ஓரத்தில். இருவருக்கும் இடையே ஒற்றுக்காக விட்ட காலி நாற்காலி ஒன்று. பேராசிரியையும் வந்திருந்தார்.

"ஏம்ப்பா, அடுத்தவங்களுக்குக் கொடுக்கணும்னா உன் சட்டையைக் கொடுக்க வேண்டியதுதானே?" என்றார் இயக்குநர்.

"கொடுத்தேங்கய்யா. ரெண்டு இருந்துச்சு, ஒன்னைக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் அலமாரியைத் திறந்தேன்."

"அந்தத் தந்தை சொன்னது உருவகம்! உடுப்புன்னா உடுப்பு இல்ல."

"பின்ன என்னங்கய்யா?"

இயக்குநர் எழுந்துகொண்டார். உட்கார்ந்து பேச அவருக்கு வராது. "இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி இந்த நிலையத்தில் ஏழு முனைவர் பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இருநூறு கட்டுரைகள் வந்திருக்கின்றன. மூன்று உலக மாநாடுகள் கூட்டியிருக்கிறோம். இத்தனை பேரில் ஒருவராவது, ஒரே ஒருவராவது, ஒரு கைக்குட்டையை எடுத்து வெளியே கொடுத்தாரா? இல்லை! அதற்குப் பெயர்தான் ஆய்வு ஒழுக்கம். நீ ஆறு மாதம் படித்துவிட்டு நாற்பது வருட ஒழுக்கத்தைக் குலைத்துவிட்டாய்."

"இதையும் விசாரணை அறிக்கையில சேர்த்துடலாமா?" என்று பேராசிரியை கேட்டார்.

"தாராளமா!" என்றார் இயக்குநர்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மதிப்பீட்டுக் குழு. குழுத் தலைவி வேகமாக உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"வர்ற வழியில ஆஸ்பத்திரியில எட்டிப் பார்த்தோம். வராந்தா பூரா உங்க பட்டதாரிங்க! தரையில உட்கார்ந்து நோயாளிங்களுக்குத் தண்ணி கொடுக்கிறாங்க, காலைப் பிடிச்சுவிடுறாங்க. ஒருத்தர் ஒரு வயசான அம்மாவை முதுகுல தூக்கிட்டுப் போறார். நாங்க எத்தனையோ நிலையத்தைப் பார்த்தாச்சு. தாக்கத்தைக் கண்ணால பார்த்தது இன்னிக்குத்தான்."

இயக்குநர் மூன்று நொடி மௌனமாக இருந்தார். மௌனத்தைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியவர், கடைப்பிடித்தது இந்த மூன்று நொடிதான்.

"இது எங்களுடைய நீண்டநாள் திட்டம்" என்றார். "இப்போதுகூட அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்."

"ஆமா, பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றார் பேராசிரியை.

'அறுபத்திரண்டு பேரிடம் தாக்கம் நேரில் காணப்பட்டது' என்று எழுதிக் குழுவினர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா நடத்தினால் தாங்களும் வருவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சான்றிதழில் 'த்' போடலாம் என்று இயக்குநரும், வேண்டாம் என்று பதிவாளரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தார்கள். ஆகவே சண்டை அப்படியே இருந்தது.

இயக்குநர் நீலத்தின் தோளில் கை வைத்தார். "தாக்கம் பதிவாயிடுச்சுப்பா. பதிவான பிறகு அது வெளியில இருக்க வேண்டிய அவசியமில்ல. விழாவுக்கு அங்கி வேணும். போய் வாங்கிட்டு வந்துடு. அறுபத்திரண்டும் அலமாரிக்கு வந்ததும் உன் நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போடறேன்."

பதிவாளர் உத்தரவை எடுத்துக் காட்டினார். தட்டச்சு செய்து, தேதி மட்டும் காலியாக இருந்தது. நீலம் அதை ஒருமுறை முழுதாகப் படித்தார். பதினோரு வருடம் காத்திருந்த தாள்.

அவர் நிரந்தரமாகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலையைவிட்டும் அனுப்பவில்லை; பேராசிரியை அவர் பெயரைச் சொல்லிவைத்திருந்ததால் குழு ஒவ்வொரு வருடமும் வந்து அவரை நலம் விசாரித்தது. ஆகவே 'தொடர் தற்காலிகப் பணியாளர்' என்று ஒரு புதிய பதவியை அவருக்காகவே உண்டாக்கினார்கள். அந்த வருடப் பட்டமளிப்பு விழா அங்கி இல்லாமலே நடந்தது. 'இது தந்தையரின் எளிமை' என்று இயக்குநர் பேசியது எட்டாம் தொகுதியில் இருக்கிறது.

ஆனால் அன்று மதியம் நீலத்துக்கு இதெல்லாம் தெரியாது. காலிச் சாக்கு நாலை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். வராந்தா வாசலில் மனைவி பெருக்கிக்கொண்டிருந்தாள். சாக்கைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"உத்தரவைக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க. தேதிதான் பாக்கி."

அவள் துடைப்பத்தைத் தட்டினாள். "நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியல. உள்ளே போங்க."

வராந்தாவின் முதல் தூணில் இளைஞன் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அங்கி அவனுக்கு ஒரு பிடி பெரிது. கீழ்க்கரையில் சேறு. சாக்கையும் நீல விரல்களையும் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"திருப்பித் தரணுங்களா?"

நீலம் அவன் கழுத்துக் கரையைப் பார்த்தார்.

"தந்துடறேன். உங்களோடதுதானே. ஆனா நாளைக்குக் காலையில எங்கப்பாவுக்கு ஆபரேஷன். நேத்துவரைக்கும் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கல. இதைப் போட்டதுக்கப்புறம்தான் நின்னு பேசுறார். என்ன ஆபரேஷன்னே நேத்துதான் எங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுவச்சா..."

"கழட்டுப்பா" என்றார் நீலம்.

அவன் முகம் விழுந்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அங்கியை நீட்டினான். உள்ளே மெல்லிய பனியன் மட்டும். குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

நீலம் அங்கியை வாங்கி இரண்டு முறை உதறினார். கீழ்க்கரைச் சேற்றை நகத்தால் சுரண்டினார். ஈரக் கையால் தேய்த்தார். சாக்குகளைத் தரையில் விரித்து, அதன்மேல் அங்கியைப் போட்டு, முழங்கால் ஊன்றி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சுருக்கம் எடுத்தார். பிறகு எழுந்து அவன் தோளில் போட்டுவிட்டுப் பொன்னிறக் கழுத்துக் கரையை நேராக்கினார்.

"கரை உள்பக்கம் சுருண்டிருந்துச்சு" என்றார். "டாக்டர்கிட்ட பேசப் போறப்ப அது வெளியே தெரியணும். வேற யாருக்காவது சுருண்டிருந்தா வரச் சொல்லு. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."